ரெண்டு பேருக்கும் நான்தான் வாய்

கதவைச் சாத்திட்டாங்கண்ணா.

இப்ப உள்ளே போனாங்களே, பச்சைச் சேலை, அது எங்கம்மா. வசந்தாமணி. அவங்களுக்குப் பத்தடி தள்ளி ஹெல்மெட்டைக் கையில் பிடிச்சுக்கிட்டே போனாரே, எங்கேயாவது வைக்கணும்னுகூடத் தோணாம, அது எங்கப்பா. அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலை மேல இருக்கிற சாமியோட பேர். பாதி உடம்பையே பொண்டாட்டிக்குக் கொடுத்த சாமி. எங்கப்பா ரெண்டரை வருசமா ஒரு வார்த்தை கொடுக்கலை.

ஜட்ஜம்மா ஒரே கேள்விதான் கேட்பாங்களாம். சம்மதமா? ரெண்டு பேரும் ஆமான்னா கையெழுத்து. யாராவது ஒருத்தர் இல்லைன்னு சொன்னா அங்கேயே நின்னுபோகும். வக்கீலம்மா அப்படித்தான் சொன்னாங்க. பத்து நிமிசம், போனாக் கால் மணி நேரம். அதோட பத்தொன்பது வருசம் முடிஞ்சுது.

நீங்க உட்காருங்க. பெஞ்சு நம்ம ரெண்டு பேருக்கும் தாங்கும். உங்களுக்கும் இதே கேஸ்தானே? இல்லைன்னு சொல்லாதீங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. காலையிலிருந்து பார்க்கிறேன், இந்த வராந்தாவில் ரெண்டே விதமான மூஞ்சிதான். வக்கீல் மூஞ்சி ஒண்ணு. மத்ததெல்லாம் நம்ம மூஞ்சி.

என் பேர் தரணி. பதினேழரை வயசு. பிளஸ் ஒன்ல நின்னுட்டேன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டறேன். நான் உங்ககிட்ட ஏன் இதைச் சொல்றேன்னு எனக்கே தெரியலை. யார்கிட்டயாவது சொல்லலைன்னா இந்தக் கதவைப் போய் உதைச்சிருவேன் போல இருக்கு. அதனால சொல்றேன். நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். புத்தி மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு ஆள் நிறைய இருக்கு.

தறிப்பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா? இல்லையா. அப்ப அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும். இருபத்துநாலு தறி ஒண்ணா ஓடினா என்ன சத்தம் வரும்னு நான் சொல்லிப் பிரயோசனம் இல்லை. காதுக்குள்ள கையை விட்டு ஆட்டற மாதிரி இருக்கும். காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால அங்கே யாரும் கத்தறதில்லை. வாயை மட்டும் அசைப்போம். சத்தமே இருக்காது. எதிர் வரிசையில நிக்கிறவன், முப்பதடி தள்ளி, உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவான். "நூல் அறுந்துருச்சு", "டீ வந்துருச்சு", "முதலாளி வர்றான்", எல்லாம் உதடுதான். சேர்ந்து ஆறு மாசத்தில் எவனுக்கும் வந்திரும். எனக்கு நாலே மாசத்தில் வந்தது.

எங்கப்பாவும் அம்மாவும் அப்படித்தான் காதலிச்சாங்களாம். சிரிக்காதீங்கண்ணா, நிஜமா. அம்மா சங்ககிரி. வேலைக்கு வந்து எங்கப்பாவுக்கு நேர் எதிர் தறியில நின்னிருக்காங்க. ஒரு வருசம். சத்தமா ஒரு வார்த்தை பேசிக்கலையாம். குமரேசன் மாமா, அதான் அம்மாவோட அண்ணன், அதோ போர்டுக்குக் கீழே நின்னு போனில் பேசிக்கிட்டிருக்காரே, தங்கக் கலர் வாட்ச், அவர் மாப்பிள்ளை பார்த்து நாள் குறிச்சுட்டார். நாளைக்கு நிச்சயம்னா இன்னைக்கு அம்மா எங்கப்பாகூடக் கிளம்பி வந்துட்டாங்க. கட்டின சேலையோட. பதினெட்டு வருசம் அந்த வீட்டு வாசல்படி மிதிக்கலை. அம்மாவைப் பெத்த ஆத்தா செத்தப்பக்கூட மாமா தாக்கல் சொல்லி அனுப்பலை. அம்மா கேட்டதும் இல்லை. "நானாத் தேடிக்கிட்டது, நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லுவாங்க. யாராவது கேட்டாலும் சொல்லுவாங்க, கேட்கலைன்னாலும் சொல்லுவாங்க.

அப்ப, ரெண்டரை வருசம் முன்னாடி. ஷிப்ட் மாத்தற நேரம். அம்மா காலை ஷிப்ட் முடிக்கணும், அப்பா அடுத்த ஷிப்ட் ஏறணும். அம்மா தறியில ஏதோ ரிப்பேர், பிட்டர் வந்து பார்த்துக்கிட்டிருந்தார். பிட்டர் என்னமோ சொன்னார், அம்மா சிரிச்சாங்க. அவ்வளவுதாங்கண்ணா. சிரிச்சாங்க. எங்கப்பா வாசலில் நின்னு அதைப் பார்த்துட்டு, கடைசித் தறி ஓட்டற மாரப்பன்கிட்ட உதட்டை அசைச்சுச் சொன்னார்:

"எங்கூட ஓடியாந்தவதானே. நாளைக்கு எவங்கூட ஓடுவாளோ."

மாரப்பன் சிரிச்சார். அம்மா திரும்பினாங்க. பார்த்துட்டாங்க.

அம்மா மட்டும் இல்லை. பட்டறையே பார்த்துச்சு. சாப்பாடு கொண்டு போயிருந்த நானும் பார்த்தேன், எனக்குத்தான் அப்ப உதடு படிக்கத் தெரியாது. பின்னாடி, அங்கேயே தறி ஓட்டற செல்வி அக்கா சொல்லித்தான் தெரியும்.

எங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நான் அவகிட்டயா சொன்னேன்? மாரப்பன்கிட்டத் தமாசுக்குச் சொன்னேன். சத்தமா வேற சொல்லலை. யாருக்குக் கேட்டுது?" எப்படிப் பாருங்கண்ணா. இருபத்தஞ்சு வருசம் பட்டறையில இருக்கற ஆள். வாயை அசைச்சா அங்கே மைக்கில் சொன்ன மாதிரின்னு தெரியாதா? தெரியும். ஆனா அவர் அதையே பிடிச்சுக்கிட்டார். யாருக்குக் கேட்டுது, யாருக்குக் கேட்டுது.

அம்மா அன்னைக்குப் பேச்சை நிறுத்தினாங்க. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "உங்கொப்பன்கிட்டச் சொல்லு. அதே பட்டறையில, தறி ஓடறப்பவே, அதே வாயில, நான் சொன்னது தப்புன்னு சொல்லச் சொல்லு. சத்தம் போட வேண்டாம். அன்னைக்கு மாதிரி வாயை அசைச்சாப் போதும்."

போய்ச் சொன்னேன். அப்பா சொன்னார், "அவளுக்கு வேற வேலை இல்லையான்னு கேளு."

அன்னையிலிருந்து நான்தான் வாய். ரெண்டு பேருக்கும்.

ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு, ஒரே கக்கூஸ். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம எப்படி நடக்கிறாங்கன்னு பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது, நான் நடுவில நின்னேன். அம்மா அடுப்படியிலிருந்து, "தரணி, உங்கொப்பனைச் சோத்துக்கு வரச் சொல்லு, ஊர்ல இருக்கறவளுகளைப் பத்திப் பேசிப் பேசிப் பசிச்சிருக்கும்." அப்பா நாலடியில உட்கார்ந்திருப்பார். காதில் விழும். ஆனா விழுந்த மாதிரி இருக்க மாட்டார், என் மூஞ்சியைப் பார்ப்பார். நான் சொல்லணும். நான், "அப்பா, சாப்பிட வர்றீங்களா?"ம்பேன். அவர், "அந்தச் சோத்தைக் கொண்டு போய் நாய்க்கு வைக்கச் சொல்லு"ம்பார். நான் திரும்பி, "அப்புறமாச் சாப்பிடறாராம்மா."

ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேட்கும்கண்ணா. அதுதான் கிறுக்கு. நான் மாத்திச் சொல்றேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்றதுதான் கணக்கு. நான் சொன்ன பிறகுதான் அப்பா எந்திரிச்சுக் கை கழுவுவார்.

ரெண்டு பேரும் வீட்டில இருக்கிறப்ப அப்படி. ஷிப்ட் மாறி மாறிப் போறப்ப இன்னும் மோசம். ஒருத்தர் வர்ற நேரம் ஒருத்தர் இருக்க மாட்டாங்க. அப்ப நான் சொன்னதுதான் சேதி. நான் என்ன வேணாலும் சொல்லலாம். சொன்னேன். "அம்மா உங்களை மாத்திரை போடச் சொன்னாங்க." சொல்லவே இல்லை. "அப்பா உங்களுக்குப் பல்வலி எப்படி இருக்குன்னு கேட்டார்." கேட்கவே இல்லை. நல்லதுக்குத்தானே? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

படிப்பு நின்னதும் இதில்தான். பிளஸ் ஒன்ல ஒருத்தன் எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான். அவங்கப்பனும் அதே பட்டறைதான், அதனால என்ன வார்த்தைன்னு நீங்களே புரிஞ்சுக்குங்க. நான் அவன் மூக்கை உடைச்சேன். ஹெட்மாஸ்டர் சொன்னார், "அப்பா அம்மா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. ஒருத்தரா வந்தாச் சேர்க்க மாட்டேன், ரெண்டு பேரும் ஒண்ணா வரணும்." நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா, "உங்கம்மா போகட்டும், நான் எதுக்கு." அம்மா, "அவரு வர்றாருன்னா நான் வரலை." மூணு நாள் ரெண்டு பக்கமும் நடந்தேன். நாலாவது நாள் பட்டறைக்குப் போய் எனக்கு ரெண்டு தறி கொடுங்கன்னு கேட்டேன். முடிஞ்சுது படிப்பு. ரெண்டு பேரும் என்னை ஏன்னு கேட்கலை. ஒருத்தர் கேட்டிருப்பாங்கன்னு இன்னொருத்தர் நினைச்சிருப்பாங்க.

சரி, அதை விடுங்க. அதுக்காக எல்லாம் நான் அழறதில்லை.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம். இதுக்கு என்மேல தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. மாமா, செல்வி அக்கா, எங்கப்பா, எல்லாரும். நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. கேளுங்க.

போன வருசம் ஆடி நோம்பிக்கு முன்னாடி. அம்மா டிவியில ஒரு சீரியல் பார்ப்பாங்க. தினமும். அதில ஒரு புருசன், பொண்டாட்டியை என்னென்னமோ பண்ணுவான். வீட்டை விட்டுத் துரத்துவான். வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வருவான். அந்தப் பொம்பளை கோயிலில் உட்கார்ந்து காத்திருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். "எந்திரிச்சுப் போ தாயே"ன்னு டிவியைப் பார்த்துக் கத்துவேன். அம்மா, "வாயை மூடிட்டுப் பாரு"ம்பாங்க. கடைசியா ஒருநாள் அவன் திருந்திட்டான். மழை வேற பெய்யுது. அவ முன்னாடி வந்து நின்னு சொல்றான்: "உன் மனசை நான் கல்லுன்னு நினைச்சு உளியால அடிச்சுட்டேன். அது பூன்னு தெரியறதுக்கு இத்தனை நாளாச்சு. என்னை மன்னிச்சிரு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாங்க. கண்ணில தண்ணி. எனக்குத் தாங்கலை. டிவியில எவனோ எவளுக்கோ சொல்றதுக்கு நம்ம வீட்டுப் பொம்பளை அழுதா எப்படி இருக்கும்?

ஒரு வாரம் கழிச்சு, அப்பா வேலையில இருக்கிறப்ப, அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். "அம்மா, அப்பா ஒண்ணு சொன்னார். உங்க மனசைக் கல்லுன்னு நினைச்சு அடிச்சுட்டாராம். பூன்னு இப்பத்தான் தெரியுதாம். தப்புத்தான்னு சொல்லச் சொன்னார்." உளியை விட்டுட்டேன். எங்கப்பா உளின்னு சொல்ல மாட்டார்.

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. நிறுத்திட்டாங்க. "அப்படியா சொன்னாரு?" ன்னாங்க. "ஆமாம்மா." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "அப்படியேவா சொன்னாரு?" "அப்படியேதாம்மா." திரும்ப வெங்காயம் உரிச்சாங்க. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "நல்லாத்தான் பேசியிருக்காரு"ன்னாங்க.

தினமும் அந்தச் சீரியலைப் பார்க்கிறவங்க. அந்த வசனத்துக்கு அழுதவங்க. கண்டுபிடிக்கலை பாருங்கண்ணா! எங்கம்மா அவ்வளவு ஏமாளி.

மறுநாள் மதியம் அம்மா தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, அப்பாவுக்கு டிபன் கேரியரில சோறு எடுத்துக்கிட்டாங்க. எப்பவும் நான்தான் கொண்டு போவேன். "கொடுங்கம்மா, நான் வேலைக்குத்தானே போறேன்"ன்னேன். "நானே கொண்டு போறேன்"ன்னு சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட முன்னாடி ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும். "இந்த மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கேன், கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க"ன்னு. சொல்லியிருக்கலாம். அப்பா அடிப்பார்னு சொல்லலை. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

இருபத்துநாலு தறியும் ஓடுது. அம்மா நேரா அப்பா தறிகிட்டப் போய் நின்னாங்க. அந்த ரெண்டு வருசத்தில முதல் தடவையா அவர் மூஞ்சியைப் பார்த்து வாயை அசைச்சாங்க. "சாப்பிட வாங்க."

அப்பா முழிச்சார். சுத்தியும் பார்த்தார். எல்லாரும் பார்க்கிறாங்க. மாரப்பன் பார்க்கிறார், செல்வி அக்கா பார்க்கிறாங்க. அப்பா, "உன்னை யாரு வரச் சொன்னா?"

அம்மா, "தப்புன்னு சொன்னீங்களாம்ல. தரணி சொன்னான்."

"நானா? நான் எதுக்குச் சொல்றேன்?"

இப்ப எனக்கு உதடு படிக்கத் தெரியும்கண்ணா. ஒரு எழுத்து விடாமப் படிச்சேன்.

அம்மா கேரியரைத் தறி மேலயே வச்சாங்க. பூவைக் கழட்டலை, ஒண்ணும் பண்ணலை. நடந்து வெளியே போயிட்டாங்க. நான் பின்னாடியே ஓடினேன். பட்டறை கேட் பக்கத்தில நின்னு என்னைப் பார்த்தாங்க. அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சிருந்தாத் தேவலை. "இனிமே எனக்கு எதையும் கொண்டு வராதே. அந்த மனுசன் வாயிலிருந்து வர்றதை நான் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்"ன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் சங்ககிரி பஸ் ஏறிட்டாங்க. பதினெட்டு வருசம் கழிச்சு அதே அண்ணன் வீடு. ஓடி வந்த வீட்டுக்கே திரும்பிப் போறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மாமா வாசலிலேயே சொன்னாராம், "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" ன்னு. அத்தை தண்ணி கொடுக்கிறதுக்கு முன்னாடியே.

இதில என் தப்பு எங்கே இருக்கு? நான் சேர்த்துவைக்கப் பார்த்தேன். எங்கப்பா ஒரு "ஆமா" சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. சொன்னதா ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோகும்?

அப்புறம் எல்லாம் மாமா வேகம். வக்கீல் பார்த்தது அவர், பேப்பர் ரெடி பண்ணது அவர். "ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் கொடுத்தா ஆறு மாசத்தில முடிஞ்சிரும்"ன்னார். அப்பாவுக்கு வக்கீலம்மா போன் பண்ணினாங்க. அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "அவளே கேட்கறாளா?" "அவங்கதான் கேட்கறாங்க." "அப்பச் சரிங்க." அங்கே அம்மாகிட்ட மாமா சொல்லியிருக்கார், "ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை, உடனே சரின்னுட்டான் பாரு." அம்மா, "அப்பச் சரி." இப்படித்தாங்கண்ணா. ரெண்டு சரி. ரெண்டையும் நான் கேட்டேன், ரெண்டு வீட்டிலயும் நான் போய் வந்துக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கலை. எதையும் கொண்டு வராதேன்னு சொல்லிட்டாங்கல்ல?

முதல் தடவை வந்தப்ப கவுன்சலிங்னு ஒரு மேடம் என்னையும் உட்கார வச்சாங்க. "நீ யாரோட இருக்க விரும்பறே தம்பி?" ன்னாங்க. "யாரோடயும் இல்லை மேடம்"னேன். எழுதிக்கிட்டாங்க. ஆறு மாசம் யோசிக்கச் சொல்லி அனுப்பினாங்க.

இந்த ஆறு மாசம் நான் வாரத்தில ஆறு நாள் அப்பாகூட, ஞாயித்துக்கிழமை சங்ககிரி. அம்மா என்னைப் பார்த்ததும் என்ன கேட்பாங்க தெரியுமா? நான் எப்படி இருக்கேன்னு இல்லை. "வீட்டுல சிலிண்டர் மாத்தியாச்சா? டியூபைச் சரியா மாட்டினாரா? அந்த மனுசனுக்கு அதைத் திருகத் தெரியாது." ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சிலிண்டர். திரும்பி வந்தா அப்பா சட்டையைக் கழட்டாம உட்கார்ந்திருப்பார். "மாமன் வீட்டுல கொசு அதிகமா? வலை கட்டறாங்களா?" "எனக்கு ஒரு நாள்தானே, கொசு கடிக்கலை"ம்பேன். "உனக்குக் கேட்கலை"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவார். ஒருத்தருக்குச் சிலிண்டர் பைத்தியம், ஒருத்தருக்குக் கொசுப் பைத்தியம். பெத்த பையனைப் பத்திக் கேட்க நாதி இல்லை.

உள்ளே ஏதோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்குதுல்ல? முடிஞ்சிருச்சா? இல்லை. இல்லை, வேற ரூம்.

இன்னைக்குக் காலையில. இதைச் சொல்லிட்டு நிறுத்திக்கிறேன்.

நானும் அப்பாவும் வண்டியில வந்தோம். பள்ளிபாளையத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் அப்பாதான் ஓட்டினார். கோர்ட் வாசல் டீக்கடையில நிறுத்தினார். எனக்கு ஒரு டீ, ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கலை. டம்ளரைக் கையில் பிடிச்சுக்கிட்டே இருந்தார், ஆடை படிஞ்சுபோச்சு. அங்கிருந்து பார்த்தா இந்த வராந்தா தெரியும். அம்மா இதே பெஞ்சில உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்தில மாமா.

"தரணி"ன்னார். "அம்மாகிட்டப் போய், நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லிரு."

எனக்கு முதலில் விளங்கலை. "என்ன?" ன்னேன்.

"தப்புன்னு சொல்லிருடா. அன்னைக்கும் தப்பு, சோறு கொண்டாந்தப்ப நான் பேசினதும் தப்பு. எத்தனையோ பேரு பார்த்தாங்க. அவ திரும்பி வரணும்னு சொல்லலை. தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

எனக்கு வந்துச்சே ஆத்திரம். ரெண்டரை வருசம். ரெண்டரை வருசமா நான் இந்த ஒரு சொல்லுக்காக இங்கேயும் அங்கேயும் நடந்திருக்கேன். பொய்யாக்கூடச் சொல்லிப் பார்த்தேன். இப்பப் பேர் கூப்பிடப் போறப்பச் சொல்றார். "அதோ இருக்காங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க. நாப்பது பேர் முன்னாடி திட்டத் தெரிஞ்சுதுல்ல?" ன்னேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா கோபப்படலை. எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது, இதுக்குப் பாதி சொன்னாலும் கை ஓங்குவார். "உன் மாமன் நிக்கிறான். வக்கீலுங்க இருக்காங்க. எனக்கு வாய் வரலைடா"ன்னார். அப்புறம், "நீ சொன்னா நம்புவா. சொல்லிரு கண்ணு"ன்னார்.

கண்ணுன்னு என்னைக் கூப்பிட்டு எத்தனை வருசமாச்சுன்னு ஞாபகம் இல்லை.

நடந்து வந்தேன். சொல்லத்தாங்கண்ணா வந்தேன். சத்தியமா. படி ஏறுறப்பவே வாக்கியத்தைச் சரி பண்ணிக்கிட்டு வந்தேன். எதையும் சேர்க்கக் கூடாது, கல்லு பூவெல்லாம் கூடாது, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லணும்.

அம்மா என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, "என்ன சொன்னாரு?" ன்னாங்க. எதையும் கொண்டு வராதேன்னு சொன்னவங்கதான். ரெண்டு எட்டு முன்னாடி வந்து கேட்டாங்க. "உங்கப்பா உங்கிட்ட என்னமோ சொன்னாரே. என்ன சொன்னாரு?"

மாமா பின்னாடியிலிருந்து, "என்ன மாப்ளே, இன்னைக்கும் சீரியல் வசனமா?" ன்னு சிரிச்சார்.

அம்மா சிரிக்கலை. திரும்பி அவரைப் பார்க்கவும் இல்லை. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இதுவரைக்கும் நான் சொன்ன பொய்யெல்லாம் நம்பினாங்க. இப்ப நிஜத்தைச் சொல்லி நம்பலைன்னா? சரி, நம்பிட்டாங்கன்னே வைங்க. நம்பி உள்ளே போய், எனக்குச் சம்மதமில்லைன்னு சொல்லி, ஜட்ஜம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, எங்கப்பா மறுபடி "நானா? நான் எதுக்குச் சொல்றேன்?" னுட்டா? அந்த ஆளை நம்ப முடியுமா? மூணாவது தடவை எங்கம்மா எங்கே போய் நிக்கும்? இந்தத் தடவை போறதுக்கு அண்ணன் வீடும் இருக்காது.

"டீ குடிக்கச் சொன்னார்"னேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா தலையை ஆட்டினாங்க. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கிட்டாங்க, தறியில ஏறப்போற மாதிரி. அப்பா படி ஏறி வந்தார். என் பக்கத்தில் வந்து, "சொன்னியா?" ன்னார்.

தலையை ஆட்டினேன்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

அப்பா "சரி"ன்னார். டவாலி ரெண்டு பேர் பேரையும் கூப்பிட்டார். போயிட்டாங்க.

அப்படிப் பார்க்காதீங்கண்ணா. எந்திரின்னு சொல்றீங்க, தெரியுது. கதவைத் தட்டிச் சொல்லுன்னு சொல்றீங்க. தட்டலாம். பத்தடிதான். யாரும் என்னைத் தூக்கில போட மாட்டாங்க.

அன்னைக்குச் சொன்னது தப்பு. இவ்வளவுதான் அவர் என்னைச் சொல்லச் சொன்னது. மூணே வார்த்தை. நான் சொல்லலை.